நிலமும் குப்பையும் நீரும்

முன்னுரை

உழவர் வழக்கில் 'குப்பை' என்னும் சொல்லுக்குக் கழிவு என்பது மட்டும் பொருளன்று; எரு என்பதும் பொருளாகும். உழவு தொடங்குமுன் வண்டியேற்றி வயலுக்குக் 'குப்பை அடித்தல்' தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் செவிப்படும் வழக்காகும். குப்பைக்குழி நிறைந்த வீடு மாடு நிறைந்த வீடு. மாடு நிறைந்த வீடு நெல் நிறைந்த வீடு. நகரத்தில் வாழும் நாமோ அதே சொல்லை முகஞ்சுளித்துச் சொல்லுகின்றோம். ஒரே சொல் ஓரிடத்தில் செல்வத்தையும் மற்றோரிடத்தில் இழிவையும் குறிப்பது ஏன்? பொருள் மாறியதாலா, இடம் மாறியதாலா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளும் ஓரளவு மாறியது உண்மையே. ஆயினும் பெரிதும் மாறியது இடம் என்பதே நாம் கண்ட விடையாகும். குப்பையை ஏற்றுக்கொண்ட வயல் மனையாயிற்று. வயலை இழந்த குப்பை ஏரிக்கரையை அடைந்தது. ஏரிக்கரையை அடைந்தது நீரோடு கலந்து மீண்டும் நம் வீட்டிற்கே வந்து சேர்ந்தது. நிலத்தை எவ்வாறு ஆளுகிறோம் என்பதும், குப்பையை எவ்வாறு அகற்றுகிறோம் என்பதும், நோயின்றி எவ்வாறு வாழ்கிறோம் என்பதும் மூன்று வினாக்கள் அல்ல. ஒரே வினாவின் மூன்று முகங்கள். இதனை நூலறிவாக மட்டும் கூறாது, நமக்கு அண்மையிலுள்ள குமணன்சாவடியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

நிலத்தின் அமைப்பு

சென்னையிலிருந்து பரங்கிமலை வழியாகப் பூந்தமல்லி செல்லும் பெருவழியில், போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் ஆகிய ஊர்களைக் கடந்தால் வருவது குமணன்சாவடி. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கும் இடம். அடுத்துள்ள ஊரின் பெயரும் கரையான்சாவடி என்பதே. பெருவழியும், வழிநடப்போர்க்கு நிழலும் நீரும் இவ்வூர்களுக்கு உயிர்நாடியாக இருந்தன என்பதை இப்பெயர்களே உணர்த்துகின்றன. பூந்தமல்லியோ பூவிருந்தவல்லி எனப் பெயர் பெற்ற பழம்பதி. திருக்கச்சிநம்பிகள் இவ்வூரில் நந்தவனம் வைத்து, அம்மலர்களைக் காஞ்சிக்குக் கொண்டுசென்று பெருமாளுக்குச் சாத்தினார் என்பது மரபு. மலர்த்தோட்டம் செழிக்க நல்ல மண்ணும் மேலாக ஊறும் நீரும் வேண்டும் அன்றோ?

இப்பகுதியின் வடக்கே, திருவேற்காட்டை ஒட்டிக் கூவம் ஆறு ஓடுகின்றது. தெற்கே, குன்றத்தூருக்கு அப்பால் அடையாறு ஓடுகின்றது. தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கின்றது. இவை தனித்தனியானவை அல்ல. கூவத்தின் குறுக்கே கொரட்டூரில் கட்டப்பட்ட அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காருக் கால்வாய் வழியாகக் கூவத்தின் நீர் செம்பரம்பாக்கத்தை அடைகின்றது. செம்பரம்பாக்கத்தின் மிகுநீர் அடையாற்றில் விழுகின்றது. இடையிலுள்ள சிற்றேரிகளும் குளங்களும் தாங்கல்களும் இவ்வமைப்பின் உறுப்புகளே. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். அதன் மிகுதி அதற்கடுத்ததற்குச் செல்லும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் எனக் கூறுவது இதனாலேயே. ஆகவே இப்பகுதியில் ஓரிடத்தில் நிலத்தின்மீது போட்ட பொருள் அவ்விடத்திலேயே தங்கும் என எண்ணுவது பேதைமை. மழை பெய்தவுடன் அது வழியறிந்து நடக்கத் தொடங்கிவிடும்.

பழைய ஒழுங்கும் அதன் குறையும்

உழவு மிகுந்திருந்த நாளில் வீட்டுக் கழிவு என்பது யாது? காய்கறித் தோல், சோற்றுக் கஞ்சி, வைக்கோற் கூளம், சாம்பல், சாணம், உதிர்ந்த இலை ஆகியவையே. உடைந்த மண்பாண்டமும் மண்ணிலிருந்து வந்ததே. கஞ்சியும் தோலும் மாட்டிற்காயின, ஏனையவை எருக்குழிக்காயின. எருக்குழியில் நுண்ணுயிர்கள் தங்கள் தொழிலைச் செய்தன. இலையிலும் வைக்கோலிலும் உள்ள கரியும், சாணத்திலும் பசுந்தழையிலும் உள்ள நைட்ரஜனும் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்னும் அளவில் அமைந்து, ஈரமும் காற்றும் சேருமாயின், குவியல் வெப்பம் அடைந்து, சில திங்களில் நாற்றமற்ற கரிய மண்ணாக மாறிவிடும். அவ்வெப்பத்தில் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் மடியும். ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில வேளாண்மை அறிஞர் இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து இம்முறையை ஒழுங்குபடுத்தினார். அவருக்குப் பாடஞ்சொன்னவர்களுள் நம் நாட்டு உழவரும் அடங்குவர்.

எனினும் பழமை முழுவதையும் பொற்காலம் எனப் புகழ்தல் பொருந்தாது. குடிக்கும் குளத்திலேயே குளித்தலும் துணி வெளுத்தலும் நிகழ்ந்தன. 1884-ஆம் ஆண்டு ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் கல்கத்தாவிற்கு வந்து வாந்திபேதியை ஆராய்ந்தபோது, அந்நோய் பரவிய குடியிருப்பொன்றின் குளத்துநீரிலேயே அதன் கிருமியைக் கண்டார். அக்குளத்து நீரையே மக்கள் குடித்தும் குளித்தும் வந்தனர். சென்னை மாகாணத்திலும் அந்நோய் அலையலையாய் வந்து உயிர்களைக் கொண்டு சென்றது. இக்கேடுகளைக் கண்ட பின்னரே நகரங்களில் குழாய்நீரும் சாக்கடையும் அமைந்தன. 1939-ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. பொதுச் சுகாதாரத்திற்கென இந்தியாவில் எழுந்த முதற் சட்டம் அதுவே. சுகாதாரப் பணியாளரைப் பயிற்றும் நிலையமொன்று பூந்தமல்லியிலேயே நெடுங்காலமாக இயங்கி வருவது இப்பகுதிக்குப் பெருமை தருவதாகும்.

பழைய ஒழுங்கின் மற்றொரு குறை இதனினும் கொடிது. மனிதக் கழிவை அள்ளும் தொழில் பிறப்பின் பேரால் சிலர் தலைமேல் ஏற்றப்பட்டது. ஊர் தூய்மையாக இருக்க, அதனைத் தூய்மை செய்தவர் ஊருக்குப் புறம்பே நிறுத்தப்பட்டனர். 1993-லும் 2013-லும் இயற்றப்பட்ட சட்டங்கள் கையால் மலம் அள்ளுவித்தலைக் குற்றமாக்கின. அச்சட்டங்களுக்குப் பின்னரும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி உயிரிழந்தோரின் செய்தியை நாளிதழ்களில் படித்து வருகின்றோம். ஆதலின் பழையதிலிருந்து நாம் மீட்கவேண்டுவது நிலத்திற்கும் எருவிற்கும் இருந்த உறவை மட்டுமே. அதனோடு ஒட்டியிருந்த அநீதியை அன்று.

நிலம் மாறிய வரலாறு

1960-களில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் பெருந்தொழிற்கூடங்கள் எழுந்தன. 1990-களுக்குப் பின் திருப்பெரும்புதூர்ப் பக்கம் மோட்டார் வண்டித் தொழிலும் மின்னணுத் தொழிலும் பெருகின. தொழிலாளரும் அலுவலரும் குடியேற இடம் வேண்டினர். பெருவழியை ஒட்டிய வயல்கள் கல் நட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டன. 2011-இல் அம்பத்தூர், வளசரவாக்கம் முதலிய பகுதிகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை வகுக்கப்பட்ட மெட்ரோ இரயில் தடத்தில் குமணன்சாவடியும் ஒரு நிலையமாயிற்று. இவை யாவும் வேண்டாதவை எனக் கூறோம். மக்கள் வாழ வீடும், பிழைக்கத் தொழிலும், செல்ல வழியும் வேண்டும். எனினும் வயல் மனையாகும்போது நாம் கணக்கில் எழுதாத மூன்று இழப்புகள் நேர்கின்றன.

முதலாவது, மழைநீர் தங்கும் இடம் போகின்றது. இதனைக் கணக்கிட்டுக் காண்போம். சென்னைப் பக்கத்தில் மனையை அளக்கும் 'கிரவுண்டு' என்பது 2,400 சதுர அடி. ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதன்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 22,300 லிட்டர். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 18 கிரவுண்டு; அதாவது 4 லட்சம் லிட்டர். ஒரு சாண் உயர வரப்புள்ள நெல்வயல் இந்நீர் முழுவதையும் ஆரவாரமின்றி ஏந்திக்கொள்ளும். அந்நிலமே சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் ஆயின், அவ்வளவு நீரும் சில நாழிகைக்குள் தெருவிற்கு வந்துவிடும். தெருவிலிருந்து பள்ளத்திலுள்ளவன் வீட்டிற்குள் புகும்.

இரண்டாவது, நீர் செல்லும் வழி அறுபடுகின்றது. மனைப்பிரிவின் வரைபடத்தில் வரத்துக்கால் ஒரு மெல்லிய கோடு. ஆண்டில் பத்துத் திங்கள் அது வறண்டே கிடக்கும். வறண்ட கால்வாயைத் தூர்ப்பவன் அதனைக் கால்வாய் என்றே எண்ணுவதில்லை. எஞ்சிய இரண்டு திங்களில் நீர் வந்து தன் வழியைக் கேட்கும்போதுதான் அவன் திடுக்கிடுகிறான்.

மூன்றாவது இழப்பே நம் பொருளுக்கு மிகவும் உரியது. குப்பையை ஏற்கும் நிலம் போகின்றது. வயலிருந்த காலத்தில் நூறு வீட்டின் குப்பைக்கு நூறு வயல் இருந்தது. வயல்கள் மறைந்தபின் வீடுகள் ஆயிரமாயின, குப்பை பன்மடங்காயிற்று, அதனை ஏற்கும் நிலமோ இல்லை. ஆயினும் எங்கேனும் போட்டாகவேண்டும். அப்போது கண்ணிற் படுவது எது? யாரும் வீடு கட்டாத, யாரும் வேலியிடாத, பொதுவாகக் கிடக்கும் தாழ்ந்த நிலம். அதாவது ஏரியின் உட்புறம், குளத்தின் கரை, கால்வாயின் பள்ளம், சதுப்பு நிலம். புறம்போக்கு என்று ஏட்டில் எழுதப்பட்டதை நாம் பயனற்றது எனப் பொருள்கொண்டோம். உண்மையில் ஊர் முழுவதற்கும் பயன்பட்டதனால்தான் அது ஒருவர்க்கும் உரிமையாக்கப்படாமல் விடப்பட்டது.

பள்ளிக்கரணை கற்பிக்கும் பாடம்

இத்தவறு பேரளவில் நிகழ்ந்தால் யாது விளையும் என்பதற்குச் சென்னையின் தெற்கிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலமே தக்க சான்று. சுற்றிலுமுள்ள பல ஏரிகளின் மிகுநீரை வாங்கி, பஞ்சைப்போல் தேக்கி, மெல்லக் கடலுக்கு விடுவது அதன் தொழில். அச்சதுப்பின் ஒரு பகுதியாகிய பெருங்குடியில் 1980-களிலிருந்து நகரக் குப்பை கொட்டப்பட்டது. வடக்கே கொடுங்கையூரிலும் அவ்வாறே மலை எழுந்தது. நாள்தோறும் ஏறத்தாழ 5,000 டன் கழிவை வெளியேற்றும் மாநகரம், அதனை இவ்விரு மேடுகளிலும் பல்லாண்டுகள் குவித்து வந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் பெருங்குடி மேட்டில் பற்றிய தீ பல நாள் புகைந்து, சுற்றியிருந்தோர் மூச்சுத்திணற நேர்ந்தது. அதே ஆண்டில் பள்ளிக்கரணை, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஒரே நிலம் ஒரே ஆண்டில் குப்பைத் தீயாலும் உலகப் புகழாலும் பேசப்பட்டது என்பதை மாணவர் சிந்திக்கவேண்டும். பழைய குப்பையை அகழ்ந்து, சலித்து, மண் வேறு பிளாஸ்டிக் வேறு எனப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி பெருங்குடியில் மேற்கொள்ளப்பட்டது. கொட்டியதற்கு ஆன செலவினும் மீட்பதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது.

குப்பை நோயாகும் வழிகள்

குப்பை அழகைக் கெடுப்பதனால் மட்டும் தீயதன்று. அது நோயாகும் வழிகள் நான்கு. அவற்றை முறையே காண்போம்.

முதல் வழி நீர். குவிந்த குப்பைக்குள் மழை இறங்கும்போது, அழுகிய பொருளின் சாற்றையும், மின்கலம், சாயம் முதலியவற்றிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கரிய கசிவாக அடியில் வெளிப்படும். அக்கசிவு நிலத்தடி நீரிற் கலந்தால் கிணறு நாளடைவில் கெடும். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியின் ஊறலும் இவ்வாறே கிணற்றை அடையும். இவ்வாறு சேரும் நைட்ரேட்டு என்னும் உப்பு நிறமும் மணமும் அற்றது. கொதிக்க வைத்தாலும் நீங்காது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர விதி. மிகுமாயின், பால்குடிக் குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்னும் எண்ணம் எத்துணைத் தவறானது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் வழி காற்று. அடியிற் புதைந்த குப்பை காற்றின்றி அழுகும்போது மீதேன் என்னும் எரிவளி உண்டாகும். மேட்டில் தானே தீப்பற்றுவதற்கும், பற்றிய தீ எளிதில் அணையாமைக்கும் அது காரணம். உலகை வெப்பமாக்குவதிலும் அது கரிவளியினும் பலமடங்கு வலிமையுடையது. தெருமுனையில் பிளாஸ்டிக்கோடு சருகைச் சேர்த்துக் கொளுத்தும்போது நச்சுப்புகை எழும். அதன் நுண்டுகள் நுரையீரலின் ஆழத்தில் படியும். குப்பையை எரித்தவன் அதனை ஒழித்ததாக எண்ணுகிறான். அவன் செய்தது குப்பையை மூச்சாக மாற்றியதே.

மூன்றாம் வழி கொசு. தேங்காய்ச் சிரட்டை, உடைந்த குடம், பழைய டயர், பிளாஸ்டிக் குவளை ஆகியவற்றில் தங்கும் ஒரு கை மழைநீர் போதும். டெங்குவைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். அம்முட்டை நீர் வற்றியபின்னும் பல திங்கள் உயிரோடிருந்து, மறு மழையில் பொரிக்கும் ஆற்றலுடையது. முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாளே ஆகும். அக்கொசு நெடுந்தொலைவு பறப்பதில்லை. ஆகவே நம்மைக் கடித்த கொசு பெரும்பாலும் நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததே. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவோ அடைபட்ட சாக்கடையில் வளர்வது. மலேரியாவைப் பரப்பும் கொசுவகையொன்று மூடாத கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்வது. கொசுவுக்கும் குலவேறுபாடு உண்டு. நாம் எல்லாக் குலத்திற்கும் இடங்கொடுத்துள்ளோம்.

நான்காம் வழி எலியும் ஈயும் தெருநாயும். குப்பையிலுள்ள உணவே இவற்றின் பெருக்கத்திற்குக் காரணம். எலியின் சிறுநீர் வெள்ளநீரிற் கலக்கும்போது, காலிலுள்ள சிறு புண்வழியே எலிக்காய்ச்சல் புகும். 1994-இல் சூரத்து நகரில், வெள்ளம் வடிந்தபின் அகற்றப்படாத குப்பைக்கும் இறந்த விலங்குகளுக்கும் இடையே பிளேக்கு அச்சம் எழுந்தபோது, லட்சக்கணக்கான மக்கள் ஊரைவிட்டு ஓடினர். வாணிகம் நின்றது, நாட்டின் பெயர் உலக அரங்கில் கெட்டது. மறு ஆண்டு எஸ். ஆர். ராவ் என்னும் மாநகராட்சி ஆணையர் பொறுப்பேற்று, நாள்தோறும் குப்பை அகற்றுதல், அதிகாரிகள் அலுவலறையை விட்டுத் தெருவிற்கு வந்து கண்காணித்தல் ஆகியவற்றால் சில ஆண்டுக்குள் அந்நகரை இந்தியாவின் தூய நகரங்களுள் ஒன்றாக்கினார். ஊர் அதுவே; மக்களும் அவர்களே. மாறியது ஒழுங்கு ஒன்றே.

இந்நான்கு வழிகளுக்கும் முதலில் இரையாவோர் தூய்மைப் பணியாளரும், குப்பையில் இரும்பும் தாளும் பொறுக்கிப் பிழைப்போருமே. நாம் கட்டி எறியும் பையை அவர் கையால் அவிழ்க்கிறார். அதனுள் உடைந்த கண்ணாடியும் ஊசியும் இருப்பதை அவர் விரலே முதலில் அறிகின்றது.

ஒரே ஏரி, இரு காட்சிகள்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிப் பெய்த பெருமழையில், ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நிரம்பிய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் இருகரையும் மூழ்கின. பல உயிர்கள் மாண்டன; எண்ணற்ற வீடுகளில் சாக்கடையும் குடிநீரும் ஒன்றாயின. நான்காண்டுகள் கழிந்தன. 2019-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அதே செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்தது. அந்த ஏரிக்கரையில் 2007-இல் அமைந்த, நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மைசெய்ய வல்ல நிலையம் சென்னைக்கு அளிக்கப் போதிய நீர் அதில் இல்லை. குடங்கள் தெருவில் வரிசையாக நின்றன.

வெள்ளமும் வறட்சியும் ஒன்றற்கொன்று மாறான இரு நோய்கள் என்பர். நமக்கோ அவை ஒரே நோயின் குளிரும் காய்ச்சலுமாகத் தோன்றுகின்றன. பெய்த நீரைத் தாங்கும் வயலும் தாங்கலும் குறைந்தமையால் மழைக்காலத்தில் நீர் ஒருசேர ஓடியது; ஓடிவிட்டமையால் கோடையில் ஊற்று இல்லாதாயிற்று. எஞ்சிய கால்வாய்களின் வாயைக் குப்பை அடைத்தமையால் வெள்ளம் பெருகியது. எஞ்சிய கிணறுகளில் குப்பையின் கசிவு கலந்தமையால் இருந்த நீரும் பயன்படாதாயிற்று. மழை மிகுந்ததும் குறைந்ததும் இயற்கை. அவற்றைத் தாங்கமாட்டாமல் போனது நம் செயல்.

செய்யத்தக்கவை

அரசு செய்யவேண்டுவனவற்றுள் பலவற்றுக்குச் சட்டங்கள் உள்ளன. ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றும் தமிழ்நாட்டுச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. ஒவ்வொரு வீட்டாரும் கழிவை மக்குவது, மக்காதது, தீங்கு பயப்பது என மூவகையாகப் பிரித்துத் தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வகுத்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தடைசெய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியது. சட்டம் ஏட்டிலும் பிளாஸ்டிக்குப் பை கையிலும் இருப்பது யார் குற்றம்? கேட்பவனும் நாமே, கொடுப்பவனும் நம்மில் ஒருவனே. ஆதலின் நம் கைக்கு எட்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, சமையலறைக் கழிவை வீட்டு எல்லைக்குள்ளேயே எருவாக்குதல். நகரக் கழிவில் ஏறத்தாழப் பாதி மக்கும் பொருளே. துளையிட்ட பழைய தொட்டியொன்றில் ஓரடுக்கு காய்கறித் தோலும் ஓரடுக்கு உலர்ந்த சருகும் சிறிது மண்ணுமாக இட்டு, வாரம் ஒருமுறை கிளறி, பிழிந்த துணியளவு ஈரம் காத்து வந்தால், மூன்று திங்களில் எரு கிடைக்கும். நாற்றம் எழுமாயின் ஈரம் மிகுந்தது என்று அறிந்து சருகைச் சேர்க்க வேண்டும். ஈரக்கழிவு நீங்கிவிட்டால் எஞ்சிய தாளும் கண்ணாடியும் உலோகமும் அழுகாமல் நிற்கும். அவற்றைப் பிரித்தெடுப்பவர் கையும் புண்ணாகாது.

இரண்டாவது, கிணற்றைக் காத்தல். கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். மழைக்காலத்தில் கிணற்றுநீரைத் தூய்மைசெய்யும் முறையை மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, நான்கால் வகுத்தால் நீரின் கன அளவு வரும்; ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். விட்டம் 2 மீட்டர், நீராழம் 3 மீட்டர் ஆயின் நீர் 9.42 கன மீட்டர். அதாவது 9,420 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம், இக்கிணற்றிற்கு ஏறத்தாழ 24 கிராம் வேண்டும். அதனை ஒரு வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பின் நீரூற்றிக் கலக்கித் தெளியவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றிற் சேர்த்துக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். இரவிற் செய்தல் சாலச் சிறந்தது. இம்மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி நைட்ரேட்டையும் உலோகத்தையும் நீக்காது. அவற்றிற்கு மருந்து, குப்பையைக் கிணற்றின் பக்கம் வாராமற் காத்தலே.

மூன்றாவது, மனை வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்விகள். நம் கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று பொறியாளராகவும், அலுவலராகவும், ஆசிரியராகவும் இருக்கின்றனர். வீடுகட்ட இடம் தேடுகின்றனர். இன்றைய மாணவரும் நாளை அவ்வாறே தேடுவர். மனை வாங்குவோர் வாயில் எத்திசை நோக்குகிறது எனத் தவறாது கேட்கின்றனர். பத்திரத்தையும் வில்லங்கத்தையும் ஆராய்கின்றனர். அவற்றோடு இன்னும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இந்நிலத்தில் பெய்யும் மழை எவ்வழியே எந்த ஏரிக்குச் சென்றுகொண்டிருந்தது? இங்கே வாழப்போகும் குடும்பங்களின் கழிவுநீரும் குப்பையும் எங்கே சென்று சேரும்? அவை சென்று சேரும் இடத்தில் வாழ்வோர் யாவர்? விற்பவர் விடை கூறாவிடின், கிராமத்தின் பழைய நிலவரைபடம் கூறும். அதுவும் போதாதெனின் அவ்வூரில் முதிர்ந்த உழவர் ஒருவரைக் கேட்டால் தம் கைக்கோலால் கால்வாயின் வழியைத் தரையில் கீறிக் காட்டுவார். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், விற்போரும் எண்ணத் தொடங்குவர்.

முடிவுரை

குப்பை எருவாக இருந்ததும் நஞ்சாக மாறியதும் அதன் குற்றமன்று. அதற்குரிய இடத்தை நாம் விற்றுவிட்டோம். அது தனக்கு ஓர் இடம் தேடிக்கொண்டது. முதலில் ஏரிக்கரை, பின் கால்வாய், பின் கிணறு, இறுதியில் நம் குழந்தையின் குருதி என்று அது நடந்துவந்த வழியை மேலே கண்டோம். வந்த வழியை அறிந்தவர்க்குத் திருப்பி அனுப்பும் வழியும் புலப்படும்.

பழைய வயல்கள் யாவும் மீண்டு வாரா. அவற்றை வேண்டி நாம் அழுவதிற் பயனில்லை. எஞ்சிய தாங்கல்களும் வரத்துக்கால்களும் இன்னும் உள்ளன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொட்டி மண் வைக்க இடம் உண்டு. நம் கல்லூரி விடுதியின் உணவுக்கழிவு எங்கே செல்கின்றது என்று கேட்க நாவும் உண்டு. மாணவ நண்பர்களே, இவ்விதழைப் படித்து முடித்தபின் நீவிர் செய்யவேண்டுவது பெரிதொன்றுமில்லை. இன்று மாலை உம் வீட்டுக் குப்பைக்கூடையைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் நாளை எங்கே இருக்கும், யார் கையில் படும், எந்த நீரோடு கலக்கும் என்று ஒருமுறை எண்ணுங்கள். அவ்வெண்ணத்திற்குப்பின் அக்கூடையைப் பழையபடி தெருவிற் கவிழ்க்க உம் கை எழாது என்று நம்புகின்றோம்.